செல்லி வந்துவிட்டாள்: எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

மிரண்டு ஓடிப்போன என் நாய் செல்லி இப்போது வீட்டில் இருக்கிறாள். கழுத்துக் காயத்துக்கு மருந்து போட்டாயிற்று. சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், கதவு தட்டினால் வாலாட்டுகிறாள். அந்த இரவுகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேர் என்னோடு கண்விழித்தவர்கள்.

டார்ச்சோடு அலைந்தவர்கள், சுவரெல்லாம் அவள் படத்தை ஒட்டியவர்கள், நேரம் பார்க்காமல் கதவைத் திறந்த மருத்துவர், நாய்கள் காப்பகத்துத் தன்னார்வலர்கள், அத்தனை பேருக்கும் கைகூப்பி நன்றி. "யாரும் துரத்தாதீங்க, பேரைச் சொல்லிக் கத்தாதீங்க" என்று கூட்டத்தைத் தள்ளி நிறுத்திய தம்பிக்கு இன்னொரு தடவை. மிரண்டு ஓடிய நாய், வளர்த்தவரைக் கண்டாலும் ஓடும். அது அந்தத் தம்பிக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் இந்த மடலை எழுத வைத்தவர் தேடிய இடத்திலேயே இல்லை. பயிற்சித் திடலுக்குத் தன் நாயோடு வரும் அக்கா அவர்.

காப்பகத்திலிருந்து வந்த புதிதில் 'உட்கார்', 'படு' இரண்டையும் செல்லி சட்டென்று பிடித்துக்கொண்டாள். கிளிக்கர் என்ற, அழுத்தினால் 'க்ளிக்' என்னும் சின்னப் பயிற்சிக் கருவியின் சத்தத்துக்குப் பின்னால் தீனி வரும் என்று புரிந்ததும், யாரும் சொல்லாமலே உட்கார்ந்து காட்டுவாள். 'வா' மட்டும் படியவில்லை. அந்தச் சொல் காதில் விழுந்தால் வயிறு தரையில் ஒட்டிவிடும். முன்பு யார் கூப்பிட்டு என்ன செய்தார்களோ!

தைரியம் வரட்டும் என்று பயிற்சியாளர்தான் அஜிலிட்டிக்குக் கூட்டிவரச் சொன்னார். 1978இல் லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், நிகழ்ச்சிகளுக்கு நடுவே பார்வையாளர்களுக்காக, குதிரைகள் தடை தாண்டுவதைப் பார்த்து நாய்களுக்கு அமைத்த விளையாட்டு அது. தாழ்வான தடைகளை செல்லி தாண்டிவிட்டாள். அடுத்து, நாய்கள் நுழைந்து ஓட வேண்டிய மடக்குச் சுரங்கத்தின் வாயில் நின்றதும் உடம்பெல்லாம் நடுக்கம்.

அப்போது திடலில் அக்காவின் முறை வந்திருந்தது. போட்டி நெருங்கிவிட்டது, அவர் நாய்க்கு 12 கம்புகளுக்கு இடையே வளைந்து ஓடும் பயிற்சி பாக்கி. எங்களை ஒரு பார்வை பார்த்தார். தன் நாயிடம் "படு, இரு" என்று சொல்லிவிட்டு வந்தார். ஆறு மீட்டர் வரை நீளும் அந்தச் சுரங்கத்தை ஆர்மோனியத் துருத்தியை மடக்குவதுபோல் ஒரு கை நீளத்துக்குச் சுருக்கி, உருளாமல் இருக்க மணல் மூட்டைகளை இரண்டு பக்கமும் நெருக்கி வைத்தார்.

"நீங்க அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கோங்க. உங்க முகம் அவளுக்குத் தெரியணும். கூப்பிடாதீங்க."

செல்லியின் வாரை மடியில் தொளதொளவென்று போட்டுக்கொண்டு, அவளைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி மண்ணிலேயே உட்கார்ந்தார். தொடவில்லை, தள்ளவில்லை. அவள் மூக்கை உள்ளே நீட்டினால் ஒரு துண்டு தீனி. பின்வாங்கினால் பேசாமல் இருந்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அவர் நாய் புல்லில் அப்படியே கிடந்தது. ஒரு கட்டத்தில் செல்லியின் முன்கால் இரண்டும் உள்ளே வந்தன. "இப்பச் சொல்லுங்க, 'வா'ன்னு. அவ வந்துக்கிட்டு இருக்கும்போதே சொல்லுங்க."

சொன்னேன். வந்து என் முகத்தை நக்கினாள்.

அக்காவின் நேரம் அதோடு முடிந்துவிட்டது. ஒரு ஓட்டம்கூட ஓடாமல் தன் நாயைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதன்பிறகு சுரங்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினோம். 'வா' என்றால் இருட்டுக்கு அந்தப் பக்கம் நான் இருக்கிறேன் என்று அவளுக்குப் பதிந்துவிட்டது. செல்லி கிடைத்த அன்றைக்கு, அவள் ஒளிந்திருந்த அந்தக் குழாயின் வாயில் நான் ஏன் தரையோடு தரையாகப் படுத்தேன், ஏன் வாயைத் திறக்காமல் இருந்தேன் என்று பலர் கேட்டீர்கள். அவள் ஓர் அடி நகரட்டும் என்றுதான் காத்திருந்தேன். நகர்ந்தாள், சொன்னேன், வந்தாள்.

காயம் ஆறியதும் அட்டைப் பெட்டிகளை வைத்து மோப்ப விளையாட்டு ஆரம்பிக்கிறோம். அதில் ஒரு நேரத்தில் ஒரு நாய்தான் தேடும் என்பதால் மற்ற நாய்களைக் கண்டு மிரளுகிற நாய்களுக்கும் ஏற்றது. திடலுக்கும் தொடர்ந்து வருவோம். காப்பகத்து நாயோடு புதிதாக வருகிறவர்கள் கூச்சப்படாமல் கூப்பிடுங்கள். என் முறையாக இருந்தாலும் விட்டுவிட்டு வந்து உங்கள் நாயின் பக்கத்தில் உட்காருவேன்.

அக்கா, அடுத்த பயிற்சியில் எங்கள் நேரத்தையும் சேர்த்து நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பு நடுவது, தடை தூக்கி வைப்பது எல்லாம் என் பொறுப்பு.