செயலாளர் ஆண்டறிக்கை: இறகைப் படித்த ஆண்டு

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், பிள்ளைகளை அழைத்து வந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

நிர்வாக விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மழையால் டிசம்பர் கூட்டம் மட்டும் நடக்கவில்லை. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். சந்தா பாக்கி இருப்பவர்கள் இன்றே கட்டிவிடுங்கள்.

வேட்டைப் பறவைகளின் இறகுகளை இந்த ஆண்டு கவனிப்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்திருந்தோம். பள்ளிக்கரணையில் பூனைப்பருந்து ஒன்று கோரைக்கு மேலே தலையைக் கவிழ்த்தபடி தாழப் பறந்தது. ஏன் இவ்வளவு தாழ்வாகப் போகிறது என்று ஒரு சிறுமி கேட்டாள். கண்ணோடு காதையும் வைத்து வேட்டையாடுகிற பறவை அது. ஆந்தைக்கு இருப்பதுபோல முகத்தைச் சுற்றி வட்டமாக அமைந்த இறகுகள், புல்லுக்குள் எலி ஓடும் சத்தத்தைக் காதுக்குத் திருப்பிவிடுகின்றன. பழவேற்காட்டில் விராலடிப்பானைப் பார்த்தோம். கால்களை முன்னே நீட்டித் தண்ணீரில் விழுந்தது. எண்ணெய்ப் பசையுள்ள நெருக்கமான இறகுகள் என்பதால், எழுந்து ஒரு உதறு உதறிவிட்டு மீனோடு போய்விட்டது.

கூகை பற்றிய கூட்டத்துக்குத்தான் நல்ல வரவேற்பு. அதன் சிறகின் முன்னோரத்தில் சீப்புப் பல் போன்ற வரிசை இருக்கிறது. பின்னோரத்தில் குஞ்சம், மேற்பரப்பு வெல்வெட் மாதிரி. காற்று சீறாமல் சிதறிப் போவதால் எலிக்கு எதுவும் கேட்பதில்லை. அன்று காட்டிய, சிறகைப் பெரிதாக்கிய படத்தைப் பார்த்தபின் ஆந்தையை அபசகுனம் என்று யாருக்கும் சொல்ல மனம் வராது.

அப்புறம், பருந்து. மாஞ்சா நூலில் சிக்கித் தொங்கிய கரும்பருந்து ஒன்றை நம் உறுப்பினர்கள் இருவர் இறக்கி, வனத்துறைக்குத் தகவல் சொல்லி ஒப்படைத்தார்கள். எலும்பு முறியவில்லை. ஆனால் இடது சிறகின் நுனியில் நாலு இறகு ஒடிந்திருந்தது. அவ்வளவுதானே, முளைத்துவிடும் என்று நானும் நினைத்தேன். அப்படி இல்லை என்று மருத்துவர் விளக்கினார். வளர்ந்து முடிந்த இறகு நம் நகம் மாதிரி, உயிரில்லாதது. ஒடிந்த காம்பு தானாக விழுந்த பிறகுதான் புதிது வரும். பறக்கும் இறகுகள் இரு பக்கமும் சில சிலவாக மாறுவதால் அதற்குப் பல மாதம் ஆகலாம். பருந்து வட்டமடிக்கும்போது விரல் விரித்ததுபோல் தெரியும் நுனி இறகுகள்தான் காற்றின் இழுவையைக் குறைத்து, சிறகடிக்காமல் மிதக்க விடுகின்றன. அவை இல்லாமல் அதற்கு இரை கிடைக்காது.

ஆகவே மருத்துவர், இறந்துபோன இன்னொரு கரும்பருந்தின் அதே பக்கத்து, அதே வரிசை இறகுகளை எடுத்து, காம்புக்குள் மூங்கில் சிம்பு செருகிப் பசை வைத்து ஒட்டினார். வல்லூறு வளர்த்தவர்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்த வேலை இது. மூன்று வாரம் கழித்துக் கூண்டைத் திறந்தபோது நாங்கள் எட்டுப் பேர் நின்றிருந்தோம். மூன்றாவது வட்டத்தில் சிறகடிப்பதை நிறுத்தி மிதந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நைலான் மாஞ்சாவுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-லேயே நாடு முழுவதும் தடை விதித்தது. ஆனாலும் இந்த நூல் நம் தெருவில்தான் கிடந்தது. ஆகவே வரும் ஆண்டில் ஞாயிறுதோறும் மரங்களிலும் கம்பிகளுக்குக் கீழேயும் நூல் அகற்றும் பணியைத் தீர்மானமாக முன்மொழிகிறேன். மின்கம்பியில் சிக்கியதை யாரும் தொட வேண்டாம், மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். அடிபட்ட பறவை கிடைத்தால் துணி போர்த்தி, காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். நூலை இழுக்காமல் வெட்டுங்கள். இழுத்தால் மிச்சமிருக்கும் இறகும் போய்விடும்.

இப்படிக்கு,
செயலாளர்