பார்க்காமலே வரைந்த முகம்

அன்பு மகளுக்கு,

பிலடெல்பியாக் கடையில் நீ பார்த்த ஜார்ஜ் வாஷிங்டன் படத்தின் புகைப்படங்கள் கிடைத்தன. முகம் அவரைப் போலவே இல்லையே, போலியாக இருக்குமோ என்று கேட்டிருந்தாய். முகத்தை வைத்து மட்டும் அதைத் தள்ளிவிடாதே.

1775-இல் அமெரிக்க விடுதலைப் போர் மூண்டதும், தங்களை எதிர்த்து நிற்கும் தளபதிகளின் முகத்தைப் பார்க்க லண்டன்வாசிகள் ஆசைப்பட்டார்கள். பதிப்பாளர்களின் கையில் உருவப்படம் ஒன்றும் இல்லை. ஆகவே வாஷிங்டன், சார்லஸ் லீ, இஸ்ரேல் புட்னம், பெனடிக்ட் ஆர்னால்ட் என்று வரிசையாகக் கற்பனை முகங்களை மெசோடின்ட் என்னும் தகட்டு அச்சு முறையில் அச்சிட்டு விற்றார்கள். வாஷிங்டன் படத்தின் அடியில் 1775 செப்டம்பர் 9 என்ற தேதியோடு, வில்லியம்ஸ்பர்க்கைச் சேர்ந்த அலெக்சாண்டர் கேம்பல் நேரில் பார்த்து வரைந்தது என்றும் துணிந்து போட்டிருக்கிறார்கள். வாஷிங்டனோ, தனக்குத் தெரிந்து அந்தக் கேம்பலைப் பார்த்ததே இல்லை என்றும், மனிதர் தன் முகத்தில் வேண்டிய அளவு பயங்கரத்தைச் சேர்த்துவிட்டார் என்றும் 1776 ஜனவரியில் தன் செயலராக இருந்த ஜோசப் ரீடுக்குக் கேலியாக எழுதினார். நீ அனுப்பிய படத்தில் இருப்பதும் அதே உருட்டு விழிதான். முகம் பொய்யாக இருந்தாலும் தாள் மெய்யாக இருந்தால், என்னைக் கேட்டால், அதுதான் வாங்கத்தக்கது.

உண்மை முகம்தான் வேண்டுமென்றால், வாஷிங்டனை எதிரில் உட்காரவைத்து வரைந்த சார்லஸ் வில்சன் பீல் தானே தகடு செய்து 1780-இல் வெளியிட்ட படம் இருக்கிறது; அது நம் கைக்கு எட்டாது. ஓவியர் தூ சிமிதியேர் பக்கவாட்டில் வரைந்த முகங்களைத் தேடலாம். லண்டனில் 1783-இல் வந்த அவருடைய பதின்மூன்று படங்களில், மூன்றாண்டுகளுக்கு முன்பே பிரிட்டிஷார் பக்கம் மாறிவிட்ட ஆர்னால்டும் வாஷிங்டனோடு இருக்கிறார்.

இனி தாளுக்கு வருகிறேன். சட்டத்திலிருந்து வெளியே எடுத்துக் காட்டச் சொல். படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளம் விரல் நுனிக்குத் தட்டுப்பட வேண்டும். ஓரத்தை வெட்டியிருந்தால் அது போயிருக்கும், விலையும் இறங்க வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், கையால் செய்த அக்காலத் தாளில் கம்பிக் கோடுகள் பெரும்பாலும் தெரியும். பூதக்கண்ணாடியில் ஒரே சீரான புள்ளி வலை தெரிந்தால் அது பிற்கால இயந்திர அச்சு, பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடு. மெசோடின்ட்டில் தகடு முழுவதையும் சொரசொரப்பாக்கி, வெளிச்சம் வேண்டிய இடத்தை மட்டும் சுரண்டி வழவழப்பாக்குவார்கள். சொரசொரப்பு சீக்கிரம் தேய்ந்துவிடுவதால் முதலில் எடுத்த பிரதிகளில்தான் கருப்பு வெல்வெட்டைப் போல இருக்கும். உன் புகைப்படத்தில் கோட்டு சாம்பலாகத் தெரிவது கேமராவின் குறையா, தகட்டின் தேய்மானமா என்று இங்கிருந்து சொல்ல முடியவில்லை.

அடி வாசகத்தைப் படிக்காமல் நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் எஃகுத் தகட்டில் அச்சிட்ட வாஷிங்டனை அவர் காலத்துப் படம் என்று நம்பி வாங்கினேன். உன் அம்மா இன்றும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். நம் கூடத்தில் தொங்கும் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸின் படம் அப்படியல்ல. 1781-இல் அமெரிக்காவின் யார்க்டவுனில் தோற்று, 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் இரு மகன்களைப் பிணையாகப் பெற்றவரின் பக்கத்தில், அவரை யார்க்டவுனில் தோற்கடித்த வாஷிங்டனையும் மாட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பழுப்புப் புள்ளிகளை வெளுத்துத் தருவதாகக் கடைக்காரர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடு. அடி வாசகத்தையும் தாளின் பின்புறத்தையும் பகல் வெளிச்சத்தில் எடுத்து அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு விலை பேசலாம்.

அன்புடன்,
அப்பா