ஒன்றரை ஷிப்ட் உண்டா என்பதைக் காலையிலேயே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். உலக மனநல நாள் என்று அக்டோபரில் எங்களுக்கு ஒரு கூட்டம் போட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் பாதி அதற்கே போனது தனிக் கதை. பேச வந்த மேடம் நன்றாகத்தான் பேசினார். மூச்சை மெதுவாக இழுத்து விடுங்கள், மனக்கஷ்டத்தை உள்ளேயே வைத்திருக்காதீர்கள், 14416-க்குப் போன் போடுங்கள் என்றார். டெலி மானஸ் என்ற அந்த அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், நல்ல ஏற்பாடு. ஆனால் வேலை நேரத்தில் எங்கள் போன் கேட்டில் செக்யூரிட்டியிடம் இருக்கும்.

எங்கள் கஷ்டம் மூச்சுப் பயிற்சியில் தீருவதில்லை. எட்டரைக்கு உள்ளே வந்தால் ஐந்தரைக்குப் போகலாமா, ஒன்றரை ஷிப்ட் என்று ஒன்பது மணி வரை இருக்கணுமா என்பது சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் தெரியும். மூன்று மணியிலிருந்தே எல்லோர் கண்ணும் சூப்பர்வைசர் முகத்தில்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைக்கு யார் சோறு போடுவது? பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லலாம் என்றால் கையில் போன் இல்லை. ஒன்றரை ஷிப்ட் வேண்டாம் என்று சொல்லவில்லை, அது இல்லாவிட்டால் வாடகை கொடுக்க முடியாது. முன்கூட்டியே சொன்னால் போதும். ஷிப்மென்ட் தேதி ஆபீஸுக்கு எப்போதோ தெரியும்தானே? 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட பிறகு இன்னும் மோசம். அடுத்த வாரம் வேலையே இருக்குமா என்று கேட்டால்கூட மேலே யாரும் வாய் திறக்கவில்லை.

அப்புறம் டார்கெட் போர்டு, மணிக்கு எத்தனை பீஸ் முடிக்கணும் என்று எழுதி வைக்கும் பலகை. புது ஸ்டைல், அதாவது புது மாடல் துணி, தையல் லைனில் ஏறும் முதல் நாள் யாருக்கும் கை பழகியிருக்காது. போர்டில் மட்டும் முதல் மணி நேரத்திலிருந்தே முழு டார்கெட். பீஸ் குறைந்தால் மேனேஜர் சூப்பர்வைசரைத் திட்டுவார், அவர் டைலரைத் திட்டுவார். ஒடிசா, பீகாரிலிருந்து வந்த பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்ளும் தமிழே இந்த வசவுகள்தான்.

தையல் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து ரிஜிஸ்டரில் ஒட்டினால்தான் அடுத்த ஊசி தருவார்கள். துணி வாங்கும் பையர் கம்பெனிகள் அனுப்பி ஆடிட்டுக்கு வருபவர்கள் அதைப் பக்கம் பக்கமாகப் பார்ப்பார்கள். தீயணைப்பான், வழியில் போட்ட மஞ்சள் கோடு எல்லாம் பார்ப்பார்கள். டைலர் பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வருவது எந்த ரிஜிஸ்டரிலும் ஏறாது. எங்களிடமும் கேள்வி கேட்பார்கள், சரி, பதிலை முதல் நாளே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டம் 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்தது. அதன் மூன்றாம் அட்டவணையில் வேலையால் வரும் நோய்கள் என்று 29 இருந்தன. பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயும் இரைச்சலால் காது கேளாமல் போவதும் அதில் இருந்தன, மனநோய் எதுவும் இருக்கவில்லை. ஆனால் 2021-ல் வந்த ஐஎஸ்ஓ 45003 என்ற சர்வதேச வழிகாட்டுதல், தாங்க முடியாத வேலைப்பளு, நிச்சயமில்லாத வேலை நேரம், மிரட்டல் ஆகியவற்றையும் பணியிட ஆபத்தாகவே எடுத்துக்கொண்டு, வேலையை ஒழுங்கு செய்யும் விதத்திலேயே அதைக் குறைக்கச் சொல்கிறது. கூட்டத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

இதெல்லாம் நடக்காத காரியம் என்பார்கள். திண்டுக்கல் பக்கம் ஒரு ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த பெண் 2021 ஜனவரியில் கொலை செய்யப்பட்டார். அதற்குப் பிறகு பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கம் ஒன்று போராடி, 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகத்துடனும் வெளிநாட்டு பிராண்டுகளுடனும் ஒப்பந்தம் போட்டது. அதன்படி லைனில் வேலை செய்யும் பெண்களையே, பெண்களுக்குத் தொல்லை நடந்தால் கவனித்துச் சொல்லும் கண்காணிப்பாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். ஒரு உயிர் போன பிறகுதான் அதுவும் நடந்தது.

தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அதிகாரிகளும் பையர் அனுப்பும் ஆடிட்டர்களும் இனி வரும்போது, ஒன்றரை ஷிப்ட் உண்டா என்பதை எத்தனை மணிக்குச் சொல்கிறார்கள் என்று கேட்கட்டும். புது ஸ்டைல் ஏறிய நாளின் டார்கெட் போர்டைக் காட்டச் சொல்லட்டும். கேள்விகளை ஆபீஸ் அறையில் வைத்துக் கேட்காமல், வேலை முடிந்து நாங்கள் கேட்டுக்கு வெளியே வந்த பிறகு கேட்டால் நல்லது.

பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு செக்கிங் தொழிலாளி,
திருப்பூர்.