பண்ணைக்குப் போய்ப் பார்த்துவிட்டு எழுது

மேலூர்

மாப்ள,

தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்கு இன்றைக்குத்தான் பதில். கோபித்துக்கொள்ளாதே. 40 நாளாக மதுரை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைகிறேன். அப்பாவுக்குக் காலில் புண்.

கருவேலமுள் ஏறியிருக்கிறது. சர்க்கரைக்காரர், பாதத்தில் உணர்ச்சி கிடையாது. முள்ளோடேயே ஒரு வாரம் வயலில் நடந்திருக்கிறார். வீங்கியதும் மெடிக்கலில் சொல்லி மூன்று நாளைக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். வற்றியது, நிறுத்தினோம். மறுபடி வீங்கியது; வேறு மாத்திரை, அதுவும் மூன்று நாள்தான். நினைத்தால் வயிறு எரிகிறது.

அழுகின சதையை வெட்டியெடுத்த ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தால், துணியெல்லாம் பாசிப்பச்சை. பழம் கனிந்து புளித்த மாதிரி ஓர் இனிப்பு வாடை. சிஸ்டர் பார்த்ததுமே, "சூடோமோனாஸ் கிருமி மாதிரி இருக்கு" என்று சீழைக் கல்ச்சருக்கு, அதாவது என்ன கிருமி, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கிற சோதனைக்கு, அனுப்பினார். மூன்று நாளில் ரிப்போர்ட் வந்தது. மருந்து கேட்காது என்றால் எதிரே ஆர் என்று போடுவார்கள். விரல் வைத்து எண்ணினேன். பதினாலில் பதின்மூன்று ஆர். கோலிஸ்டின் என்ற ஒரே மருந்துக்கு எதிரேதான் ஆர் இல்லை.

அரைகுறையாக மருந்து கொடுத்தால் லேசான கிருமி சாகும், தாக்குப்பிடித்தது பெருகும் என்றார் டாக்டர். இது வார்டிலேயே கை மாறி ஒட்டியதாகவும் இருக்கலாமாம். பெனிசிலின் கண்டுபிடித்த பிளெமிங் 1945-லேயே, நோபல் உரையில் அரைகுறை மருந்தைப் பற்றி எச்சரித்திருக்கிறார். நம் கருப்பையா சார் அவர் அதைக் கண்டுபிடித்த 1928-ஐ மட்டும் உருப்போட வைத்தாரே!

கோலிஸ்டின் பழைய மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970-களில் ஒதுக்கி வைத்தது. இப்போது வேறு வழியில்லாமல் ஏற்றுகிறார்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரிப்போர்ட் வரும்போதெல்லாம் எனக்குக் கை நடுங்குகிறது.

அப்புறம், இதற்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். கோழித் தீவனத்தில் கோலிஸ்டின் கலக்கக் கூடாது என்று 2019-லேயே அரசு தடை போட்டுவிட்டது. தீவனத்தில் கலந்தாலும் அதே கதைதான், தாக்குப்பிடிக்கிற கிருமி பெருகும். உன் பண்ணையில் பழைய பவுடர் பாக்கெட் ஏதும் கிடக்கிறதா? பின்பக்கத்தைப் படித்துப் பார். குஞ்சு சீக்கிரம் எடை போட வேண்டும் என்று கலந்த மருந்துதான் மாப்ள, இங்கே அப்பாவுக்கு மிஞ்சியிருக்கிற ஒரே மருந்து. உன்னைக் குற்றம் சொல்லவில்லை, கெஞ்சிக் கேட்கிறேன்.

நேற்று புண் ஆறுகிற அடையாளமாகச் சிவப்புச் சதை தெரிந்தது. அப்பா உன்னைக் கேட்டார். வந்தால் கட்டிலில் உட்காராதே, கையைக் கழுவிவிட்டுத் தொடு. பந்தயக் கோழி இன்னும் பாக்கி இருக்கிறது, மறக்கவில்லை.