மே 3-க்கு முன் ஒரு புதிர்

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மாவு மிஷின் ரிப்பேரான கதையை முதல் பக்கம் முழுக்க எழுதிவிட்டு, பேரன் பிறந்த சேதியைக் கடைசி வரியில் போட்டிருக்கிறாய். உன்னைத் திருத்த முடியாது. பெயர் என்ன வைத்தீர்கள் என்று அடுத்த கடிதத்திலாவது முதல் வரியில் எழுது. அண்ணனுக்கு முழங்கால் வலி இப்போது எப்படி? மாடிப்படி ஏற வேண்டாம் என்று சொன்னால் கேட்கிறாரா?

“இந்த வயதில் காட்டுக்குள் டப்பா தேடி அலைகிறாயாமே” என்று கேட்டிருந்தாய். அலைகிறேன்தான். பெரியவன் பழக்கிவிட்டது. அவனுக்கு அலுத்துப்போய்விட்டது, எனக்கு அலுக்கவில்லை. ஆட்டம் ரொம்ப எளிது. யாரோ ஒருவர் ஒரு டப்பாவை எங்கேயாவது ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை வெளியிடுவார். நாம் போனைப் பிடித்துக்கொண்டு போய்த் தேடி, உள்ளே இருக்கும் சின்ன நோட்டில் பெயர் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். ஜியோகேஷிங் என்று பெயர். டப்பாவுக்குக் கேஷ் என்று பெயர். பணம் இல்லை, பரிசு இல்லை. உன் வீட்டில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், பரவாயில்லை.

இப்போது தேடுவதோடு நிற்காமல் தேடவைக்கவும் போகிறேன். இந்த ஆட்டம் பிறந்ததே நாங்கள் இருக்கிற, அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில்தான், 2000-ஆம் ஆண்டு மே 3-ஆம் தேதி. அந்த நாளைக் கொண்டாட இங்கே சிலர் சேர்ந்து ஒரு புதிர்வேட்டை வைக்கிறோம். புதிர் போடும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. கல்லூரி விடுதியில் விளக்கணைத்த பிறகும் நீ எனக்குப் போட்ட கணக்குகளுக்கெல்லாம் பழி தீர்க்க இப்போது ஒரு வாய்ப்பு. கீழே எழுதுவதைக் கொஞ்சம் கவனமாகப் படி. புதிருக்கான எண்கள் எல்லாம் கதைக்குள்ளேயே இருக்கின்றன.

முதலில், இந்த ஆட்டம் ஏன் 1995-இல் பிறக்கவில்லை, ஏன் 2000-இல் பிறந்தது? கணக்கு டீச்சரான உனக்கு இது பிடிக்கும்.

போனுக்கு இடம் காட்டுவது ஜி.பி.எஸ். என்ற அமைப்பு. அதன் ஒவ்வொரு செயற்கைக்கோளும் “இப்போது மணி இத்தனை, நான் இருப்பது இங்கே” என்று சொல்லிக்கொண்டே சுற்றுகிறது. அந்தச் சேதி நம் கைக்கு வர எடுத்துக்கொண்ட நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைத்துவிடும். இடத்தைச் சொல்ல எக்ஸ், ஒய், இசட் மூன்றுதானே, 3 செயற்கைக்கோள்கள் போதாதா என்று கேட்பாய். போதாது. செயற்கைக்கோளில் இருப்பது மிகத் துல்லியமான அணுக்கடிகாரம், நம் கையில் இருப்பது மலிவுக் கடிகாரம். நம் கடிகாரம் எவ்வளவு தப்பு என்பதும் நமக்குத் தெரியாது. தெரியாதவை 4 என்றால் சமன்பாடுகளும் 4 வேண்டும், ஆகவே குறைந்தது 4 கோள்கள். உலகத்தில் எங்கே நின்றாலும் அத்தனை கோள்கள் தலைக்கு மேல் தெரியவேண்டும் என்று கணக்குப் போட்டு, 6 சுற்றுப்பாதைகளில் பாதைக்கு 4 என்று 24 கோள்களை வைத்து இந்த அமைப்பை வடிவமைத்தார்கள். இன்று அதைவிடக் கூடுதலாகவே பறக்கின்றன. புதிருக்கு வேண்டியது வடிவமைப்பில் இருந்த எண்தான்.

இது அமெரிக்க ராணுவத்தின் சொத்து. 1983 செப்டம்பரில் கொரியப் பயணிகள் விமானம் ஒன்று வழி தவறி சோவியத் வான்வெளிக்குள் போய்ச் சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் ஜி.பி.எஸ். தயாரானதும் பொதுமக்களும் பயன்படுத்தலாம் என்று ரீகன் அரசு அறிவித்தது. சொன்னபடி கொடுத்தார்கள், ஆனால் கொஞ்சம் கஞ்சத்தனத்தோடு. ராணுவத்துக்கு மட்டும் துல்லியமான சமிக்ஞை. நமக்கு வருவதில் கடிகாரத்தை வேண்டுமென்றே லேசாக ஆட்டிவிட்டார்கள். ஒரு மைக்ரோ நொடியில் ஒளி 300 மீட்டர் போகும். அதில் மூன்றில் ஒரு பங்கு ஆட்டினாலே 100 மீட்டர் பிழை வந்துவிடும்.

நடுக்கடலில் கப்பல் ஓட்டுகிறவருக்கு 100 மீட்டர் ஒரு பொருட்டே இல்லை. டப்பா தேடுகிறவளுக்கு? 100 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பைப் போட்டுப் பார். ஏழே முக்கால் ஏக்கர் வரும். அவ்வளவு காட்டில் ஒரு வாளியைத் தேடி எந்தப் பைத்தியமும் போகாது. பிழை 10 மீட்டர் என்று ஆகிவிட்டால் பரப்பு நூறில் ஒரு பங்கு, 314 சதுர மீட்டர். ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்துக்குள் தேடுகிற மாதிரி. அதைத் தேடலாம். ஆட்டம் பிறந்ததற்குக் காரணம் ஆரத்தின் இந்த வர்க்கம்தான் என்று நான் சொல்வேன். தூரம் பத்தில் ஒன்றாகக் குறைந்ததை எல்லோரும் சொல்கிறார்கள், பரப்பு நூறில் ஒன்றாகக் குறைந்ததை யாரும் சொல்வதில்லை.

கடிகாரத்தை ஆட்டிவிடும் அந்த வேலையை 2000-இல் நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டவர் அப்போதைய அமெரிக்க அதிபர் கிளிண்டன். தலைநகர் வாஷிங்டனில் நள்ளிரவு அடித்ததும் நிறுத்தினார்கள். கிரீன்விச் நேரப்படி அது மே 2 அதிகாலை, உங்கள் ஊரில் அன்றைக்குக் காலை ஒன்பதரை மணி வாக்கில். ஆனால் இங்கே ஓரிகானில் மே 1 இரவு 9 மணிதான் ஆகியிருந்தது. புதிர் போடுகிறவர்கள் வழுக்கி விழுகிற இடம் இது. “எந்தத் தேதி” என்று மட்டும் கேட்டு, எந்த ஊர் நேரம் என்று சொல்லாமல் விட்டால் பாதிப் பேர் தப்பான காட்டுக்குப் போவார்கள். நான் கிரீன்விச் நேரத்தையே கேட்டிருக்கிறேன்.

ஓரிகானில் டேவ் உல்மர் என்று கம்ப்யூட்டர் துறைக்காரர் ஒருவர். துல்லியம் கூடியதே, அது எவ்வளவு என்று பார்த்துவிடுவோமே என்று மே 3-ஆம் தேதி போர்ட்லாண்டுக்குத் தெற்கே பீவர்கிரீக் பக்கம் சாலையோரக் காட்டில் 5 கேலன் கொள்ளளவுள்ள கறுப்பு பிளாஸ்டிக் வாளி ஒன்றை வைத்தார். நம் கணக்கில் 19 லிட்டர் என்று வைத்துக்கொள். உள்ளே நோட்டு, பென்சில், புத்தகம், வீடியோ, கவண், கொஞ்சம் பணம், ஒரு டப்பா பீன்ஸ். வாளியில் பெரும்பகுதி மண்ணுக்குள். இடத்தின் எண்களை செயற்கைக்கோள் வழிகாட்டல் பற்றிய ஓர் இணையக் குழுவில் போட்டார். விதி ஒன்றே ஒன்று: எதையாவது எடுத்துக்கொள், எதையாவது வைத்துவிட்டுப் போ.

வேடிக்கை என்ன தெரியுமா, அந்த வாளியை இன்றைக்கு யாராவது வைத்தால் அனுமதி கிடைக்காது. நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் மண்ணில் புதைக்கக் கூடாது, உணவுப்பொருள் கூடவே கூடாது, கரடி வரும். ஆட்டத்தின் முதல் டப்பாவே சட்டவிரோதம்! வாளி பின்னால் சிதைந்துபோனது. அந்த பீன்ஸ் டப்பா மட்டும் தப்பித்துவிட்டது. இன்று அது கூட்டங்களுக்கெல்லாம் அழைத்துப்போகப்படுகிற பெரிய மனிதர். அதோடு படம் எடுத்துக்கொள்ள வரிசையில் நிற்கிறார்கள். துருப்பிடித்த டப்பா, கோமதி! கோயில் கட்டாத குறைதான்.

மே 6-ஆம் தேதிக்குள் அந்த வாளி இரண்டு முறை கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. நோட்டில் முதலில் பதிந்தவர் மைக் டீக். கொலம்பியா ஆற்றுக்கு அந்தப் பக்கம், வாஷிங்டன் மாநிலத்து வான்கூவரிலிருந்து வந்தவர். கனடாவில் இருக்கிற வான்கூவர் வேறு, குழப்பிக்கொள்ளாதே. இடங்களைத் தொகுத்து ஒரு பக்கம் ஆரம்பித்ததும் அவர்தான். மாதக் கடைசியில் மேட் ஸ்டம் என்பவர் ஜியோகேஷிங் என்ற பெயரைச் சொன்னார். செப்டம்பர் 2-ஆம் தேதி ஜெரமி ஐரிஷ் அதே பெயரில் இணையதளம் தொடங்கியபோது உலகம் முழுக்க இருந்தவை 75 டப்பாக்கள்தான். இப்போது எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

ஒளித்துவைத்துத் தேடுவது அமெரிக்கன் கண்டுபிடித்ததா என்று நீ மூக்கை உறிஞ்சுவாய், எனக்குத் தெரியும். இல்லைதான். இங்கிலாந்தில் டார்ட்மூர் என்றொரு பொட்டல் வெளி. அங்கே ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி 1854-இல் கிரான்மியர் பூல் என்ற இடத்தில் ஒரு பாட்டிலை வைத்தார். சேறும் சகதியும் தாண்டி அதுவரை நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதில் போட்டுவிட்டுப் போவார்கள். அதிலிருந்துதான் லெட்டர்பாக்ஸிங் என்ற விளையாட்டு வளர்ந்தது. செயற்கைக்கோள் இல்லாத தாத்தா என்று சொல்லலாம்.

சரி, புதிருக்கு வருகிறேன். இந்த ஆட்டத்தில் புதிர் டப்பா என்று தனி ரகமே உண்டு. வரைபடத்தில் நீலக் கேள்விக்குறியாகத் தெரியும். அந்தக் கேள்விக்குறி நிற்கிற இடத்தில் ஒன்றும் இருக்காது. புதிரை விடுவித்தால்தான் உண்மையான எண்கள் கிடைக்கும். பெரும்பாலும் 3 கிலோமீட்டருக்குள் இருக்கும். எனக்கு இந்த ரகத்தில் பாதிக்குப் பாதி பிடிக்காது. போடுகிறவர் தன் புத்திசாலித்தனத்தைக் காட்டப் போட்டிருப்பார். எங்கிருந்து தொடங்குவது என்பதற்கே ஒரு நூல் கிடைக்காது. நல்ல புதிரில் விடை கிடைத்ததும் “இது கண்ணெதிரேதானே இருந்தது” என்று தோன்ற வேண்டும். நீ போட்ட கணக்குகள் அப்படித்தான் இருந்தன. இந்தப் பாராட்டை வைத்துக்கொண்டு ஆடாதே.

இன்னொன்று, நாம் கண்டுபிடித்தது சரியா என்று வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ள வழி இருக்கவேண்டும். ஒரு இலக்கம் பிசகினால் மழையில் வேறொருவர் தோட்டத்தில் போய் நிற்க நேரும். ஓரிகான் மழை பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேனே.

துப்பு எழுதுவதற்கு ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. தெரியாமல் கண்ணில் பட்டு சுவாரசியம் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக ஆங்கில எழுத்து ஒவ்வொன்றையும் 13 இடம் தள்ளி எழுதுவார்கள். ரோட் 13 என்று பெயர். மொத்தம் 26 எழுத்து, 13 அதில் பாதி. அதனால் இன்னொரு முறை தள்ளினால் பழைய எழுத்தே வந்துவிடும். மறைப்பதற்கும் திறப்பதற்கும் ஒரே சாவி.

இதைத் தமிழில் செய்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். 247 ஒற்றைப்படை, பாதியாக உடையாது. ஆனால் உயிரையும் மெய்யையும் பிரித்துவிட்டால்? உயிர் 12, அதை 6 தள்ளலாம். மெய் 18, அதை 9 தள்ளலாம். இரண்டும் கச்சிதமாகப் பாதி! அ என்பது எ ஆகும், எ என்பது அ ஆகும். க் என்பது ம் ஆகும், ம் என்பது க் ஆகும். உயிர்மெய்யை உடைத்து, இரண்டையும் தனித்தனியே தள்ளி, திரும்ப ஒட்ட வேண்டும். மரம் என்பது கெசெக் ஆகிவிடுகிறது. வாளி என்பது டேதை. சொல்லிப் பார், ஏதோ வேற்றுக்கிரகத்து மொழி மாதிரி இருக்கிறது. இங்கே தமிழ் படிக்கிற பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்தேன். உயிர்மெய்யைப் பிரித்து எழுதுங்கள் என்றால் முனகுகிற கூட்டம், இப்போது ஒருவரையொருவர் கெசெக் என்று திட்டிக்கொள்கிறது.

எங்கள் வேட்டையின் கடைசி டப்பா முதல் வாளி இருந்த இடத்தில் இல்லை. அங்கே ஏற்கெனவே டப்பாக்கள் உண்டு, ஒன்றுக்கொன்று 161 மீட்டராவது தள்ளி வைக்கவேண்டும் என்பது விதி. அதனால் வேறொரு பூங்காவில், அனுமதி வாங்கி வைக்கிறோம். உனக்கு அந்த இடத்தைச் சொல்லி என்ன பயன்? ஆகவே உனக்காகத் தனியாக ஒன்று. இதன் விடை உல்மர் வாளி வைத்த அசல் இடம்தான். திருச்சியில் உட்கார்ந்துகொண்டே வரைபடத்தில் போய்ப் பார்.

அ: ஓரிடத்தைக் கண்டறியக் குறைந்தபட்சம் வேண்டிய செயற்கைக்கோள்கள்.
ஆ: முதல் வாளியின் கொள்ளளவு, கேலனில்.
இ: ஆங்கிலத் துப்பில் எழுத்தைத் தள்ளும் இடங்கள்.
ஈ: ஐரிஷின் தளம் தொடங்கியபோது இருந்த டப்பாக்கள்.
உ: மே மாதம் எத்தனையாம் தேதிக்குள் வாளி இரண்டு முறை கிடைத்துவிட்டது?
ஊ: வடிவமைப்பின்படி மொத்தக் கோள்கள்.
எ: பிழை நீக்கப்பட்ட மே மாதத் தேதி, கிரீன்விச் நேரப்படி.
ஏ: அந்த ஆண்டு.

வடக்கே: அ, ஆ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் பாகை, அதாவது டிகிரி. இ + அ கலை, அதாவது மினிட். புள்ளிக்குப் பிறகு வரும் மூன்று இலக்கம் ஈ × உ + ஆ + ஆ.

மேற்கே: ஊ × ஆ + எ பாகை. கலைக்கு ஊ அப்படியே. புள்ளிக்குப் பிறகு ஏ × எ ÷ ஆ.

வடக்கு, மேற்கு இரண்டிலும் உள்ள எல்லா இலக்கங்களையும் கூட்டினால் 46 வரவேண்டும். வரவில்லை என்றால் எனக்கு எழுதுவதற்கு முன் திரும்பப் போடு.

எவ்வளவு நேரம் பிடித்தது, எந்த இடத்தில் எரிச்சல் வந்தது என்று ஒளிக்காமல் எழுது. மேற்கு வரியின் கடைசியில் வகுத்தல் வருவதைப் பிள்ளைகள் எதிர்பார்க்க மாட்டார்கள், அது நியாயமா என்று சொல். மே 3-க்கு முன்னால் பதில் வந்தால் மாற்ற நேரம் இருக்கும். கடிதத்துக்குக் காத்திராமல் போனிலேயே சொல்லிவிடு, ஆனால் விடையைச் சத்தமாகச் சொல்லாதே, பக்கத்தில் பிள்ளைகள் இருப்பார்கள்.

அசல் இடத்தில் இன்றைக்கு என்ன இருக்கிறது என்று அடுத்ததாகக் கேட்பாய். அதற்கும் துப்பு வைத்திருக்கிறேன்: னெஞெமி.

உன்,
வசந்தி