கடலூர் வீட்டுக்காரர்களுக்கு, மாடி போர்ஷனிலிருந்து

மஞ்சக்குப்பம், புதுப்பாளையம், திருப்பாதிரிப்புலியூர் பக்கம் மாடியில் போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் ஐயாக்களுக்கும் அம்மாக்களுக்கும் வணக்கம்.

"ரெண்டு பேர் இருக்கிற வீட்டுல இவ்வளவு கரண்ட்டா?" ரீடிங் எடுக்கும்போதெல்லாம் எங்கள் காதில் விழும் கேள்வி இது. பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வருவோம். இந்த முறை பதில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

பழைய சீலிங் ஃபேன் 75 வாட். நாளைக்கு 20 மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட், இரண்டு மாதத்துக்கு 90. அவ்வளவு நேரம் எதற்கு என்பீர்கள். மேலே தட்டோடுகூடப் பதிக்காத வெறும் கான்கிரீட். மேற்குச் சுவரில் மதியம் ஏறும் வெயில் ராத்திரி பதினோரு மணிக்கும் இறங்குவதில்லை. கை வைத்தால் இட்லிக் குண்டான் மூடி மாதிரி சுடுகிறது. கடற்காற்று தினமும் வரத்தான் செய்கிறது. ஆனால் எங்களுக்குக் கிழக்கே ஜன்னல் இல்லை, அடுத்த போர்ஷனின் பாத்ரூம் சுவர்தான் இருக்கிறது. அந்த இடத்தில் முன்பு ஒரு வேப்பமரம் நின்றதாம். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயலில் சாய்ந்தது. மரம் வாடகை தராது, சரிதான்.

கீழே உங்கள் வீட்டிலும் அதே ஃபேன்தான். எங்கள் தலைக்கு மேல் வெயில், உங்கள் தலைக்கு மேல் நாங்கள்.

அப்புறம் மீட்டர். மூன்று குடித்தனம், ஒரே இணைப்பு. இரண்டு மாதத்துக்குக் குடித்தனம் ஒன்றுக்கு 180 யூனிட் என்று வைத்தால் மொத்தம் 540. அதில் 100 யூனிட் இலவசம் ஒரே ஒரு முறைதான் கழியும். தனித்தனி இணைப்பாக இருந்தால் ஒவ்வொரு குடித்தனமும் 80 யூனிட்டுக்குக் கட்டினால் போதும். இதில் 500ஐத் தாண்டிவிட்டால் கட்டண விகிதமே வேறு. 2016இல் வந்த அந்த 100 யூனிட் சலுகை இன்னும் எங்கள் மாடிப்படி ஏறவில்லை. சப் மீட்டரைப் பார்த்து யூனிட்டுக்கு 10 ரூபாய், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த கட்டணம். தனி இணைப்பு கேட்டுப் போனால் உரிமையாளரின் சம்மதக் கடிதம் எங்கே என்பார்கள். அதைத்தான் கேட்கிறோம். டெபாசிட்டை வேண்டுமானால் பிரித்துக்கொள்ளலாம்.

கரண்ட் குறைவாக இழுக்கும் 28 வாட் பிஎல்டிசி ஃபேன் நாங்களே வாங்கி மாட்டிக்கொள்கிறோம். காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போய்விடலாம். கூரையைக் கழற்றிக்கொண்டு போக முடியாதே! சித்திரை பிறக்கும் முன் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் உள்ளே சூடு குறையும். கூலி ஆள்கூட வேண்டாம். பிரஷும் வாளியும் எங்களிடம் இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்களே அடித்துவிடுவோம். மொட்டைமாடிச் சாவியை மட்டும் கொடுங்கள்.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடிக் குடித்தனக்காரி