மாவோ சொன்னது துப்பாக்கி மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த மாவோ கட்டுரை, வழக்கம்போல ‘துப்பாக்கிக் குழாயிலிருந்துதான் அதிகாரம் பிறக்கிறது’ என்ற வரியைச் சுற்றியே நின்றுவிட்டது. 1938-ல் அதே பேச்சில், கட்சிதான் துப்பாக்கியை ஆள வேண்டும், துப்பாக்கி கட்சியை ஆளக் கூடாது என்றும் அவர் சொன்னார். அது ஏனோ யார் கண்ணிலும் படுவதில்லை.

சரி, என் குறை அதுவல்ல. புள்ளியியல் துறையில் பயிர் அறுவடைச் சோதனை எடுத்தே காலம் தள்ளியவன் நான். வயலில் குலுக்கல் முறையில் இடம் தேர்ந்து, 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, அறுத்து, அடித்து, எடை போடுவோம். அந்தத் தொழில்காரனுக்கு மாவோவிடம் பிடித்த வாக்கியம் வேறு. ‘ஆய்வு செய்யாதவனுக்குப் பேச உரிமை இல்லை’ என்று 1930-ல் எழுதினார். சும்மா எழுதவில்லை. அதே மே மாதம் ஜியாங்சி மாகாணத்து சுன்வூ என்ற சிற்றூரில் உட்கார்ந்து, உப்புக் கடை எத்தனை, முடிதிருத்தும் கடை எத்தனை, நிலம் யார் கையில், யாருக்கு எவ்வளவு கடன் என்று கேட்டுக் கேட்டுக் குறித்தார். பதில் சொன்னவர்களில் ஏழை விவசாயியும் உண்டு, வணிகர் சங்கத் தலைவராக இருந்த மளிகைக் கடைக்காரரும் உண்டு. அப்போது மாவோவுக்கு வயது 36.

அப்புறம் 1958. மாவோவின் ஆட்சியில், தென்சீனாவின் குவாங்ஷியில் ஒரு மூ (சீன நில அளவு) நிலத்தில், அதாவது நம் கணக்கில் சுமார் 16 சென்டில், 65 டன் நெல் விளைந்ததாக அறிக்கை போனது. ஏக்கருக்கு மூன்று டன் கண்டாலே எங்கள் பக்கத்தில் திருவிழாதான். பல வயல்களின் கதிர் முற்றிய பயிரைப் பிடுங்கி ஒரே வயலில் நெருக்கி நட்டுக் காட்டிய வித்தை அது. அந்த ஆண்டு நாடு முழுக்க 37.5 கோடி டன் தானியம் என்று முதலில் அறிவித்தார்கள். உண்மையில் 20 கோடி டன் அளவுதான். பொய்க் கணக்கை நம்பி அரசு தானியத்தைக் கொள்முதல் செய்ததில் கிராமத்துப் பானைகள் காலியாயின. பஞ்சத்தில் செத்தவர்கள் ஒன்றரைக் கோடி முதல் நாலரைக் கோடி வரை என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள்.

மாவோ தன் கொள்கையை மறந்துவிட்டார் என்று இதைச் சுருக்கிவிட முடியாது. 1958-லும் அவர் ஊர் ஊராகப் போய்க் கேட்கத்தான் செய்தார். 1930-ல் அந்த மளிகைக் கடைக்காரர் உள்ளதைச் சொன்னார். 1957-ல் கட்சியை விமர்சித்த லட்சக்கணக்கானவர்களுக்கு ‘வலதுசாரி’ முத்திரை குத்தித் தண்டித்த பிறகு, எந்தக் கீழ்மட்ட அதிகாரி உண்மை எடையைச் சொல்வான்? ‘மக்களிடமிருந்து மக்களுக்கு’, அதாவது மக்களிடம் கேட்டறிந்து அதையே கொள்கையாக்கி அவர்களிடம் கொண்டுபோவது என்ற அவருடைய வெகுஜன வழி அங்கேதான் முறிந்தது.

சொல்லத் துணிந்தவர் பாதுகாப்பு அமைச்சர் பெங் டெஹுவாய். சொந்த மாகாணமான ஹுனானைச் சுற்றிப் பார்த்துவிட்டு, 1959 ஜூலையில் லூஷானில் நடந்த கட்சித் தலைவர்கள் கூட்டத்தின்போது மாவோவுக்குத் தனிப்பட்ட கடிதம் எழுதினார். மாவோ அதை எல்லோருக்கும் சுற்றுக்கு விட்டு அவரைப் பதவியிலிருந்து இறக்கினார். 1961-ல், ‘ஆய்வு செய்யாதவனுக்கு’ என்று எழுதிய தன் பழைய 1930 கட்டுரையை மாவோவே மறுபடி கட்சிக்குள் படிக்கக் கொடுத்தார். பெங்குக்கு அமைச்சர் பதவி திரும்பவில்லை. 1966-ல் மாவோ தொடங்கிய கலாசாரப் புரட்சியில் வதைபட்டு, 1974-ல் காவலிலேயே இறந்தார்.

அடுத்த முறை மாவோ பற்றி எழுதச் சொன்னால், கட்டுரையாளரைச் சுன்வூவிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆய்வாளர்,
மன்னார்குடி.